நூல் வராத வாரத்திலும் மெஷின் ஓட: சிறு பனியன் கம்பெனிகள் கூட்டாக இருப்பு வைப்பது எப்படி

2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதே மாதம் 16, 17 தேதிகளில் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் கம்பெனிகள் கதவடைத்தன. விலையேற்றம் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் இதுபோன்ற நேரத்தில் மாதம் 30 டன் வாங்குபவருக்கு மில்லில் எப்படியும் நூல் கிடைத்துவிடும். மாதம் ஒன்றரை டன் வாங்குபவர் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் டெய்லர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், ஆர்டரின் தேதியும் தப்பிவிடுகிறது.

ஆறு முதல் பத்து சிறு கம்பெனிகள் சேர்ந்தால் இதற்கு வழி உண்டு. உதாரணத்துக்கு எட்டுக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மாதம் 1,500 கிலோ வாங்குகிறது, மொத்தம் 12,000 கிலோ. இப்படிப்பட்ட கூட்டு முறிவது பெரும்பாலும் விலைப் பேச்சில் இல்லை. தட்டுப்பாடு வந்த அன்று, இருக்கிற மூட்டைகளில் யாருக்கு எத்தனை என்ற கேள்வியில் முறிகிறது. ஆகவே அந்தக் கேள்விக்கான பதிலை முதல் மூட்டை வாங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். எப்படி எழுதுவது என்று கீழே விரிவாகச் சொல்கிறோம்.

யாரைச் சேர்ப்பது

ஒரே கவுண்ட் (நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) நூல் ஓட்டுபவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் 30 கோம்டு (சீவிய பஞ்சு நூல்), இன்னொருவர் 20 கார்டட் (சீவாத சாதா நூல்), மற்றவர் மெலாஞ்ச் (கலர் கலந்த நூல்) என்றால் கூட்டாகப் பேரம் பேச ஒன்றும் இருக்காது. மாத வாங்கலில் குறைந்தது முக்கால் பங்காவது பொதுவான ஒரே கவுண்டில் இருக்க வேண்டும். அடுத்து, எல்லோரும் ஒரே பையருக்குத் தைப்பவர்களாக இருக்கக் கூடாது. அந்தப் பையர் ஆர்டரை நிறுத்தினால் எட்டுப் பேரும் ஒரே நாளில் விழுவார்கள். உள்ளூர் மார்க்கெட்டுக்குத் தைப்பவர் இருவர், எக்ஸ்போர்ட் ஜாப் ஒர்க் எடுப்பவர் சிலர், குழந்தை உடுப்பு செய்பவர் ஒருவர் என்று கலந்திருப்பது நல்லது.

சேரும் முன் ஒவ்வொருவரும் கடந்த பன்னிரண்டு மாத நூல் பில்லைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். வாய்க்கணக்கு வேண்டாம். "மாதம் இரண்டு டன்" என்று சொல்பவரின் பில்லைக் கூட்டினால் 1,300 கிலோதான் வரும். பின்னால் பங்கு பிரிக்கும்போது இந்த எண்ணில்தான் சண்டை வரும். பில்லைக் காட்டத் தயங்குபவரை விட்டுவிடுங்கள், வருத்தமாக இருந்தாலும்.

முதல் ஆறு மாதம்: பேச்சு கூட்டாக, பில் தனித்தனியாக

எடுத்த எடுப்பிலேயே கம்பெனி பதிவு, குடோன் என்று இறங்க வேண்டாம். முதலில் எட்டுப் பேரின் தேவையையும் ஒரே தாளில் எழுதி மில்லிடம் போங்கள். மாதம் 8,000 கிலோ கட்டாயம் எடுப்போம், மீதி 4,000 கிலோ அந்தந்த மாதம் 20-ஆம் தேதி சொல்வோம் என்று பேசுங்கள். மில்லுக்கு நிச்சயமான அளவுதான் பெரிது. அந்த 8,000 கிலோவுக்கு ஈடாக ஐந்து, பத்து ரூபாய் விலைக் குறைப்பைவிட டெலிவரி நாளைக் கேட்டு வாங்குங்கள். பில் ஒவ்வொருவர் பெயரிலும் தனியாக வரட்டும், பணமும் தனித்தனியாகப் போகட்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் பொறுப்பில்லை என்பதை மில்லிடம் எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

மில் இரண்டு இருக்கட்டும், அளவை 60க்கு 40 என்று பிரியுங்கள். ஒன்று கோவைப் பக்கம், மற்றது திண்டுக்கல் அல்லது ராஜபாளையம் என்றால் மின்தடை, லாரி ஸ்டிரைக் போன்ற உள்ளூர்த் தடைகளுக்குத் தாங்கும். பஞ்சுத் தட்டுப்பாட்டுக்கு இது தாங்காது. தமிழ்நாட்டு மில்கள் ஓட்டும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா போன்ற மாநிலங்களிலிருந்து வருகிறது. அங்கே வரத்து குறைந்தால் இரண்டு மில்லுக்கும் சேர்த்தே குறையும். அதற்குத்தான் இருப்பு.

இந்த ஆறு மாதத்தில் யார் சொன்ன அளவை எடுத்தார், யார் கடைசி நேரத்தில் பின்வாங்கினார், யார் நாள் தவறாமல் பணம் கட்டினார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த கட்டத்துக்கு யாரை அழைத்துப்போவது என்பதை அந்த நோட்டே காட்டிவிடும்.

எவ்வளவு இருப்பு

இருப்பை நூலாகவே வையுங்கள், துணியாக வேண்டாம். நூலை எந்த டயாவிலும் (நிட்டிங் மெஷினின் விட்டம்) ஓட்டலாம். நிட்டிங் முடிந்தால் டயாவும் ஜி.எஸ்.எம்.மும் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) முடிவாகிவிடும். சாயம் ஏறினால் கலரும் முடிவாகிவிடும். ஒவ்வொரு படி தாண்டும்போதும் அதைப் பயன்படுத்தக்கூடிய கம்பெனிகளின் எண்ணிக்கை குறைகிறது. எட்டுப் பேருக்கும் பொதுவாக இருப்பது சாயம் ஏறாத கிரே நூல் ஒன்றுதான்.

அளவுக்கான கணக்கு எளிது. மில் வழக்கமாக 6 வேலை நாளில் தருகிறது, மோசமான காலத்தில் 18 நாள் ஆகிறது என்றால் இடைவெளி 12 வேலை நாள். மாதம் 25 வேலை நாள் என்றால் 12,000 கிலோவுக்கு ஒரு நாள் செலவு 480 கிலோ. 12 நாளுக்கு 5,760 கிலோ, 50 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 115 மூட்டை. கிலோ 260 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, தலைக்கு 1.87 லட்சம். அந்தப் பணத்துக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 15,000 ரூபாய். 12,000 கிலோவில் பரப்பினால் கிலோவுக்கு 1.25 ரூபாய். குடோன் வாடகை, இன்சூரன்ஸ் தனி. உங்கள் கம்பெனியில் டெய்லர்கள் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தால் ஆகும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள். விலை ஏறும் என்று நினைத்து வாங்கும் மூட்டை இருப்பு ஆகாது, அது சூதாட்டம். 2022 மே மாத உச்சத்தில் பயந்து வாங்கியவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் விலை இறங்கியதைப் பார்த்தார்கள்.

லாட் கலந்தால் எல்லாம் போச்சு

பொது இருப்பில் நடக்கும் மிகப் பெரிய தவறு இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். லாட் என்பது மில் ஒரே பஞ்சுக் கலவையில் சேர்ந்தாற்போல் ஓட்டிய நூல். 24 இன்ச் டயா மெஷினில் 72 ஃபீடர் (நூல் உள்ளே போகும் வழி) இருந்தால் 72 கோன் நூல் ஒரே நேரத்தில் ஓடும். அதில் 71 கோன் ஒரு லாட், ஒரே ஒரு கோன் வேறு லாட் என்றால், 72 வரிசைக்கு ஒரு முறை அந்த நூல் வந்து விழும். கிரே துணியில் ஒன்றும் தெரியாது. நேவி, டர்க்காய்ஸ் போன்ற கலர் ஏற்றிக் காய்ந்து வந்ததும் படுக்கைவாக்கில் பட்டை பட்டையாகத் தெரியும். இரண்டு லாட்டின் பஞ்சும் வேறு வேறு என்பதால் சாயத்தை உறிஞ்சும் விதமும் வேறு. அந்தத் துணியைக் கறுப்புக்கு மாற்றுவது தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

ஆகவே இருப்பிலிருந்து நூல் எடுப்பவருக்கு ஒரு ஆர்டர் முழுவதற்கும் ஒரே லாட்டில் தர வேண்டும். அதற்கு லாட் போதுமான அளவு பெரிதாக இருக்க வேண்டும். 150 கிராம் எடையுள்ள 5,000 டி-ஷர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். தைத்த எடை 750 கிலோ. கட்டிங் வேஸ்ட் 15 சதவீதம் என்றால் துணி 882 கிலோ. டையிங்கில் 7 சதவீதம் போகும் என்றால் கிரே துணி 949 கிலோ. நிட்டிங்கில் ஒன்றரை சதவீதம் போனால் நூல் 963 கிலோ. ஆக 20 மூட்டை. மில்லிடம் ஒரு லாட் 20 மூட்டைக்குக் குறையாமல் கேளுங்கள். எட்டு மூட்டை, ஆறு மூட்டை என்று துண்டு துண்டாக வரும் லாட்டை இருப்பில் ஏற்றாதீர்கள்.

குடோனில் ஒவ்வொரு லாட்டுக்கும் தனி அடுக்கு, அடுக்குக்கு மேல் லாட் எண், வந்த தேதி, மில் பெயர் எழுதிய அட்டை. தரையில் நேரே வைக்காமல் மரப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. பழைய லாட் முதலில் வெளியே போக வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் தங்கக் கூடாது. உடைத்த மூட்டையில் மிஞ்சிய கோன்களைத் திரும்ப ஏற்றவே கூடாது. கலப்பு அங்கேதான் தொடங்குகிறது. சந்தேகம் வந்தால் இருட்டறையில் யு.வி. விளக்கின் கீழ் கோன்களை வரிசையாக நிறுத்துங்கள். வேறு பஞ்சில் ஓட்டிய கோன் பெரும்பாலும் வேறு நிறத்தில் பளிச்சிடும்.

வரும்போதே இரண்டு சோதனைகளை நீங்களே செய்யலாம். ஒன்று கவுண்ட். ராப் ரீல் என்ற நூல் சுற்றும் கருவியில் 120 கஜம் சுற்றி நிறுத்தால் 30 கவுண்ட் நூல் 2.16 கிராம் இருக்க வேண்டும். பத்துக் கோனில் எடுத்துச் சராசரி பாருங்கள். 2.25 கிராம் வந்தால் அது 28.8 கவுண்ட். நூல் தடிமன், துணியின் ஜி.எஸ்.எம். ஏறும், அதே கிலோவில் குறைவான பீஸ் கிடைக்கும். இன்னொன்று எடை. மூட்டையின் மொத்த எடையிலிருந்து சாக்கு, பேப்பர் கோன் எடையைக் கழித்துப் பாருங்கள். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சும் பொருள், 8.5 சதவீதம் ஈரம் என்பது வணிக அளவு. அதற்கு மேல் ஈரம் இருந்தால் தண்ணீருக்கு நூல் விலை கொடுக்கிறீர்கள். நூலின் பலம், சீர், மெல்லிய தடித்த இடங்களின் கணக்கு இவற்றுக்குக் கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் மாதிரி கொடுத்து ரிப்போர்ட் வாங்கலாம். எட்டுப் பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆகும் கட்டணம் சொற்பம்.

கிலோவில் கணக்கு, ரூபாயில் அல்ல

இருப்பு வைக்கும் கட்டம் வந்ததும் உறுப்பினர்கள் பங்குதாரர்களாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவோடு அது நூலை வாங்கி உறுப்பினருக்கு விற்கும். "என் மூட்டையை நீ எடுத்துக்கோ, அடுத்த மாதம் திருப்பிக் கொடு" என்ற கைமாற்று வேண்டாம். பண்டமாற்றும் ஜி.எஸ்.டி. சட்டப்படி சப்ளைதான், இரண்டு பக்கமும் பில் போட வேண்டிவரும்.

விற்கும் விலை எது? இங்கேதான் நட்பு முறிகிறது. 240-க்கு வாங்கிய மூட்டை இருப்பில் இருக்கிறது, இன்று மில் விலை 275. எடுப்பவர் 240-க்குக் கேட்பார். கொடுத்தால் முதலில் ஓடிவந்தவருக்கு லாபம், அடுத்து வருபவருக்கு வெறும் பலகை. ஆகவே இருப்பிலிருந்து எடுப்பவர் அன்றைய மில் விலையில்தான் எடுக்க வேண்டும், கூடவே கிலோவுக்கு 2 ரூபாய் செலவுக்காக. ஏழு நாளில் பணம். அந்தப் பணத்தில் அதே நாள் அதே கிலோவுக்கு மில்லில் ஆர்டர் போட வேண்டும். விலை ஏறினாலும் இறங்கினாலும் 5,760 கிலோ என்பது 5,760 கிலோவாகவே நிற்கும்.

தட்டுப்பாட்டுக்கான விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மில் டெலிவரி 10 வேலை நாளைத் தாண்டினால்தான் இருப்பு திறக்கும், தனி மனிதர் யாரும் முடிவு செய்யத் தேவையில்லை. ஒருவருக்கு உச்சவரம்பு, பில்லில் நிரூபித்த மூன்று மாத வாங்கலின் சராசரிப்படி இருப்பில் அவருக்கு வரும் பங்கு. கையில் தேதி குறித்த ஆர்டர் உள்ளவருக்கு முன்னுரிமை, ஆனால் அவருக்கும் தன் பங்கின் ஒன்றரை மடங்குக்கு மேல் கிடையாது. வாங்கிய நூலை வெளியே விற்றால் நீக்கம், டெபாசிட்டில் கால் பங்கு பிடித்தம். முந்தைய பாக்கி இருப்பவருக்கு ஒரு கோன்கூடக் கிடையாது, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். இந்தக் கடைசி விதியை ஒரு முறை தளர்த்தினால் அதன் பிறகு அதை யார் மேலும் செலுத்த முடியாது.

ஒரு எச்சரிக்கை. கூடி நூல் வாங்குவது வேறு, கூடிப் பேசி விற்பனை விலை முடிவு செய்வது வேறு. "இனி எந்தப் பையருக்கும் இந்த விலைக்குக் கீழே கொடுக்க மாட்டோம்" என்ற உடன்பாடு 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் மாட்டும். மினிட்ஸ் புத்தகத்தில் விற்பனை விலையே வரக் கூடாது.

இன்சூரன்ஸ்

குடோன் தீப்பிடித்தால் எட்டுப் பேரின் வேலையும் சேர்ந்தே நின்றுவிடும். 15 லட்ச ரூபாய் சரக்கை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 3 லட்சம் எரிந்தால், சாதாரண பாலிசியில் கையில் வருவது 2 லட்சம்தான், விகிதம் போட்டுக் குறைப்பார்கள். நூல் விலை ஏறும்போது தெரியாமலே இந்தக் குழியில் விழுகிறோம். 5 கோடிக்கு உட்பட்ட சொத்துக்கு உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைகாப்பீட்டை மன்னிப்பார்கள். அதற்கு மேல் இல்லை. விலை பத்து சதவீதம் ஏறும்போதெல்லாம் காப்பீட்டுத் தொகையை ஏற்றுங்கள்.

அடுத்த ஒடிவு: சாயப்பட்டறை

நூலைச் சமாளித்துவிட்டால் அடுத்து ஒடியும் இடம் டையிங். நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் இட்ட உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நூலும் ஆர்டரும் கையில் இருந்தும் வேலை நின்றது.

இரண்டு பட்டறை வைத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பதுண்டு. அவை இரண்டும் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீர் அனுப்பினால், அந்த நிலையம் நின்ற அன்றே இரண்டும் நின்றுவிடும். ஆகவே பட்டறை முதலாளியிடம் முதலில் கேட்க வேண்டியது ரேட்டை அல்ல, தண்ணீர் எங்கே போகிறது என்பதை. வேறு நிலையத்தில் இணைந்த பட்டறை, அல்லது சொந்தச் சுத்திகரிப்பு உள்ள பட்டறை ஒன்று மாற்றாக இருக்க வேண்டும்.

மாற்றுப் பட்டறையை அவசரத்தில் தேடினால் ஷேடு வராது. சாதாரண நாளிலேயே உங்கள் முக்கியமான ஐந்து கலருக்கு அங்கே லேப் டிப் (சிறு துண்டில் கலர் மாதிரி) எடுத்து, 20 கிலோ ட்ரையல் ஓட்டி, டி65 என்ற பகல் வெளிச்ச விளக்கில் பார்த்து ஒப்புதல் வாங்கி வையுங்கள். பிறகு மாதம் ஒரு சிறிய லாட்டாவது அங்கே கொடுங்கள், இல்லையென்றால் நெருக்கடியில் உங்களுக்கு மெஷின் கிடைக்காது. ஒரு ஆர்டரின் ஒரே கலரை இரண்டு பட்டறைக்குப் பிரிக்கவே கூடாது. உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று வரும். பிரிப்பதானால் கலர் வாரியாகப் பிரியுங்கள்.

தையலைப் பகிர்வது

ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டுப் பேரும் அடுத்த வாரம் தங்களிடம் எத்தனை ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் தையல் மெஷின் சும்மா இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் எண் போட்டால் போதும், இதற்கு சாஃப்ட்வேர் தேவையில்லை. வேலை கொடுக்கும்போது ஒப்புதல் பெற்ற சாம்பிள் பீஸ் சீல் வைத்துக் கூடவே போக வேண்டும், முதல் 50 பீஸைக் கொடுத்தவர் வந்து பார்த்த பிறகுதான் மீதி ஓட வேண்டும்.

சரக்கு டெலிவரி சலானில்தான் போக வேண்டும், மூன்று பிரதி. ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி வரும். ஜாப் ஒர்க் விவரம் தரும் ஐ.டி.சி.-04 என்ற ஜி.எஸ்.டி. படிவத்தை, விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், மற்றவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையும் போட வேண்டும்.

எக்ஸ்போர்ட் ஆர்டரில் கூடுதல் கவனம் வேண்டும். பையர் ஆடிட் செய்யாத யூனிட்டில் அவர் பீஸ் தைக்கப்பட்டது தெரிந்தால் ஆர்டரே போகும். ஆகவே மாற்று யூனிட்களின் பெயரை முன்கூட்டியே பையரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். காட்ஸ் சான்றிதழ் உள்ள ஆர்கானிக் ஆர்டருக்குப் பொது இருப்பிலிருந்து நூல் எடுக்கவே கூடாது. டிரான்சாக்‌ஷன் சர்ட்டிபிகேட் (அந்த விற்பனைக்கான ஆர்கானிக் சான்று) இல்லாத நூல் அங்கே செல்லாது.

பணம் நின்றால் எல்லாம் நிற்கும்

உறுப்பினர் ஏழு நாளில் பணம் கட்ட வேண்டும் என்று விதி போட்டோம். அவருக்கு வர வேண்டிய பணம் 120 நாளாகியும் வராவிட்டால் எப்படிக் கட்டுவார்? எட்டுப் பேரும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவில் உற்பத்தி அல்லது சேவை என்று இருக்கிறார்களா என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் சேர்த்த 43பி(எச்) பிரிவு இதற்கு இன்னும் வலு சேர்த்தது: சரக்கு வாங்கியவர் கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் பார்ட்டியிடம் இதை நினைவூட்டினால் பலன் உண்டு. பெரிய பார்ட்டிகள் ட்ரெட்ஸ் தளத்தில் இருந்தால் பில்லை அங்கே ஏற்றச் சொல்லி, வட்டி கழித்துக்கொண்டு சில நாட்களில் பணமாக்கலாம். உங்கள் கூட்டுக் கம்பெனி நூலை வாங்கி விற்கும் வணிகர் என்பதால் இந்த 45 நாள் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. அதன் பாதுகாப்பு டெபாசிட் மட்டுமே. ஒவ்வொருவரிடமும் ஒரு மாதம் அவர் எடுக்கக்கூடிய உச்சவரம்பில் பாதித் தொகை முன்வைப்பாக இருக்கட்டும்.

விலகுவதற்கும் வழி எழுதி வையுங்கள். 60 நாள் முன்னறிவிப்பு, பாக்கி கழித்து டெபாசிட் 30 நாளில் திரும்ப, பங்குக்கான நூலின் மதிப்பு விலகும் நாளின் மில் விலையில். கூட்டு இருப்பைத் திறந்த பிறகு விலகல் கடிதம் கொடுத்தால், இருப்பு மறுபடி 5,760 கிலோவை எட்டிய நாளிலிருந்துதான் அந்த 60 நாள் எண்ணப்படும்.